ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருந்த காரோ, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரோ தீப்பிடித்து எரிந்த செய்திகளைத் தங்கள் நாளிதழில், குறிப்பாகக் கோடை மாதங்களில், அடிக்கடி படிக்கிறோம். பெரும்பாலான செய்திகள் ‘மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. எந்த வயரில், எந்த இடத்தில், எதனால் என்ற விவரம் அடுத்த நாளும் வருவதில்லை. கார் தீப்பிடிக்கக் காரணங்கள் பல உண்டு. பெட்ரோல் குழாய் கசியலாம், சூடான சைலன்சர் குழாயின் மேல் எண்ணெய் சொட்டலாம், பேட்டரி முனை தளர்ந்திருக்கலாம். எனினும் கார் உரிமையாளரே முன்கூட்டித் தடுக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. கார் வாங்கிய பிறகு வெளிக்கடையில் பொருத்தப்படும் சாதனங்களுக்காக, பேட்டரியிலிருந்து உள்ளறைக்கு இழுக்கப்படும் தடித்த கேபிளையே சொல்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகன மின்பணி கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

கம்பெனி தரும் பாட்டுப்பெட்டி போதவில்லை என்று ஆம்ப்ளிஃபையரும் ஊஃபரும் வைப்பவர்கள் இந்தக் கேபிளை இழுக்கிறார்கள். நெடும்பயணத்துக்காகச் சிறு ஃபிரிட்ஜ் வைப்பவர்களும், லேப்டாப் சார்ஜ் செய்ய இன்வெர்ட்டர் பொருத்துபவர்களும் அப்படியே. பேட்டரி பெரும்பாலான கார்களில் முன்பக்கம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது; சாதனமோ டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, எஞ்சின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் இரும்புத் தகட்டுச் சுவர் நிற்கிறது. ஃபயர்வால் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். எஞ்சின் பக்கம் தீயோ புகையோ எழுந்தால் அது உள்ளே வராமல், கதவைத் திறந்து இறங்குவதற்கான அவகாசத்தை நமக்குத் தருவதே அதன் முதல் வேலை. வெப்பத்தையும் இரைச்சலையும் மழைநீரையும் தடுப்பதெல்லாம் அதற்கு அடுத்தவை. கம்பெனியின் மூல வயரிங் கட்டும் இந்தச் சுவரைக் கடந்துதான் உள்ளே வருகிறது. ஆனால் அந்த இடத்தில் அச்சில் வார்த்த தடித்த ரப்பர் வளையம் ஒன்று, அதாவது குரோமெட், தகட்டின் விளிம்பைக் கவ்விப் பிடித்து, வயர்களை எந்தப் பக்கமும் அசையவிடாமல் வைத்திருப்பதை யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். வெளிக்கடையில் இழுத்த கேபிளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. டேஷ்போர்டுக்கு அடியில் ஒலித்தடுப்பு விரிப்பு அந்த ஓட்டையை மூடிக்கொண்டிருப்பதால், பார்க்க நினைத்தாலும் எளிதில் தெரியாது.

‘12 வோல்ட்தானே, கையை வைத்தாலும் ஷாக் அடிக்காது’ என்ற பேச்சைக் கடைகளில் கேட்டிருப்பீர்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மை. தீக்கும் ஷாக்குக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் உண்மை. நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் சில நொடிகளில் நூறு ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. அதன் பாசிட்டிவ் கேபிள் நேரடியாகப் பாடியில் பட்டுவிட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். அப்போது வோல்ட்டேஜ் 10-க்கு இறங்கி, மின்னோட்டம் 500 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 வாட் வெப்பம் அந்தக் கேபிளிலும் அது பாடியைத் தொடும் இடத்திலும் உருவாகிறது. வீட்டில் எர்த் கசிந்தால் டிரிப் ஆவதற்குச் சாதனம் உண்டு. காரில் முழுப் பாடியுமே நெகட்டிவ் என்பதால், உரசிய கேபிளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பும் வழி தயாராக இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. பேட்டரி முனையிலிருந்து நேரே இழுத்த கேபிளில் இக்னிஷன் ஆஃபில் இருந்தாலும் மின்சாரம் இருக்கும். நள்ளிரவில் போர்டிகோவில் நிற்கும் கார் எரிவதற்கு இதுவும் ஒரு வழி.

இந்தப் பழுது ஒரே நாளில் வருவதில்லை. தகட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதில் டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பில், விரலால் தடவினால் கீறக்கூடிய பிசிறு நிற்கும். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போதுகூட நடுங்குகிறது. கேபிளின் ஒரு முனை அந்த நடுக்கத்தோடு ஆட, மறுமுனை உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நடுவே விளிம்பு அறுக்கிறது. அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் பி.வி.சி. உறை எஞ்சின் சூட்டில் இளகுவதால், அறுப்பது இன்னும் எளிதாகிறது. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக இப்படிப்பட்ட கேபிளை வெளியே உருவி மேசையில் வைப்பதுண்டு. ஒரு பக்கம் மட்டும் நகக்கண் அளவுக்குப் பள்ளம். பள்ளத்தின் அடியில் செம்பு இழைகள் ஐந்தாறு கறுத்துப்போய், நுனியில் மணல் பருமனுக்கு உருகிய உருண்டைகள். மற்றபடி கேபிள் புதிதாகவே இருக்கும். அந்த உருண்டைகள், மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோதெல்லாம் செம்பு தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகியதன் அடையாளம். ஓட்டுபவருக்கு ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டிருக்கலாம். அதற்கு மேல் எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே முதலில் வலியுறுத்த வேண்டியது ஃபியூஸ் இருக்கும் இடம். ‘ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, அது ஆம்ப்ளிஃபையருக்குள் பழுது வந்தால் உருகும். மொட்டை மாடித் தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவே குழாய் உடைந்தால் குளியலறைக் குழாயை மூடி என்ன பயன்? தொட்டிக்கு அடியில் உள்ள வால்வைத்தானே மூட வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் கேபிளுக்கும் அதுவே விதி. பாசிட்டிவ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது ஒரு முழத்துக்குள், அந்தக் கேபிளுக்கான ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதே கார் ஆடியோ தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். ஒரு சாணுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஃபயர்வாலைக் கடப்பதற்கு முன் அது இருந்தே தீர வேண்டும். ஏனென்றால் ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட துண்டுக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வயரிங் கிட் வாங்கினால் உள்ளேயே ஃபியூஸ் ஹோல்டர் வருகிறது. பேட்டரி பக்கம் அதை நிலையாகப் பொருத்த இடம் தேடுவது சிரமம் என்பதற்காக, டிக்கியில் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் மாட்டிவிடும் வேலையைப் பார்க்கும்போதுதான் வேதனையாக இருக்கிறது. பொருளும் இருக்கிறது, காசும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் காவல் 5 மீட்டர் தள்ளி நிற்கிறது.

ஃபியூஸின் அளவு கேபிளைக் காப்பதற்காகவே தவிர, சாதனத்தை ஓட்டுவதற்காக அன்று. 500 வாட் தரும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். அதன் செயல்திறன் 80 விழுக்காடு, எஞ்சின் ஓடும்போது வோல்ட்டேஜ் 13.8 என்றால், முழு ஒலியில் அது ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று கொண்டால், 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் கால் வோல்ட் அளவே இறங்கும். 60 ஆம்பியர் ஃபியூஸ் அதற்குப் பொருத்தம். அதே வேலைக்கு வீட்டு வயரிங்கில் பயன்படுத்தும் 4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர், வயரை இழுத்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் வழியிலேயே வெப்பமாகிவிடும். அந்த வயருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் உருகுவதற்கு முன்னாலேயே வயரின் உறை சூடேறி இளகிவிடலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டிக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். வீட்டு வயரில் இன்னொரு குறையும் உண்டு. சாதாரண பி.வி.சி. வீட்டு வயரின் உறை 70 டிகிரி வரைக்குமே உரியது. எஞ்சினையொட்டிய இடத்தில் மதிய வெயிலில் அந்த வெப்பத்தைத் தாண்டுவது ஒன்றும் அரிதன்று. 105 டிகிரி தாங்கும் வாகன வயர் தனியாகக் கிடைக்கிறது. வாகன வயருக்கென்றே இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 2465, இருக்கிறது.

விலை குறைந்த கிட்களில் வருவது பெரும்பாலும் சி.சி.ஏ. எனப்படும், செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் மின்கடத்துத் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதை விற்பது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேபிளின் பருமனைக் குறிக்க ‘4 கேஜ்’ என்று மேலே அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து, செம்புக்கு உரிய ஃபியூஸைப் போடக் கூடாது. சில கேபிள்களில் உறைதான் தடிமன், உள்ளே உலோகம் கொஞ்சம். வெட்டிய முனையைப் பார்த்து வாங்குவதே வழி.

இனிச் சுவரைக் கடக்கும் இடம். முடிந்தவரை புது ஓட்டை போடாமல் இருப்பதே நல்ல வேலைக்கு அடையாளம். ஏறக்குறைய எல்லாக் கார்களிலும், அந்த மாடலின் வேறு ரகங்களுக்கென்று விடப்பட்டு, ரப்பர் மூடியால் அடைக்கப்பட்ட ஓட்டை ஒன்றாவது இருக்கும். அல்லது மூல வயரிங்கின் குரோமெட்டிலேயே பயன்படாத முலை போன்ற நீட்சி ஒன்று இருக்கும். அதன் நுனியைக் கேபிளின் பருமனை விடச் சற்றுச் சிறிதாக வெட்டி, கேபிளைச் சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்தால் ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் நுழைவது எளிது, ஆனால் பலவகை ரப்பர்கள் எண்ணெய் பட்டு உப்பிக் கெட்டுவிடும். கம்பெனி வயர்க் கட்டின் நடுவே கூரான ஸ்க்ரூடிரைவரைக் குத்தி வழி செய்பவர்களும் உண்டு. எஞ்சின் கண்ட்ரோல், ஏ.பி.எஸ். வயர்கள் அந்தக் கட்டில்தான் போகின்றன. ஒரு வயரின் உறை கிழிந்தாலும், ஆறு மாதம் கழித்து ஈரம் ஏறிச் சென்சார் பழுது என்று விளக்கு எரியும். எதனால் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வேறு வழியின்றி டிரில் போடத்தான் வேண்டும் என்றால், அது அவசரத்தில் செய்யும் வேலையன்று. நம் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் தண்டும் பிரேக் பூஸ்டரும் பெடல்களும் வலப்புறம். பல கார்களில் ஏ.சி. பெட்டியும் அதன் குழாய்களும் நடுவிலும் இடப்புறமும். ஆகவே இரு பக்கமும் விரிப்பை விலக்கி, டிரில் முனை எங்கே வெளிவரும் என்று கண்ணால் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும். ஏ.சி.யின் குளிரூட்டும் பகுதியான எவாப்பரேட்டரைத் துளைத்துவிட்டால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். பிரேக் குழாயைத் துளைத்தால் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் உறையிட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றின் பக்கம் போகவே கூடாது. வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்ட கணமே பொறி பறக்கும். ஓட்டை போட்டதும் விளிம்பை அரத்தால் ராவி, துரு பிடிக்காத பிரைமர் பூசி, ஓட்டையின் விட்டத்துக்கும் தகட்டின் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தும் குரோமெட்டைப் போட வேண்டும். சில பத்து ரூபாய்ப் பொருள் அது. குரோமெட்டுக்குப் பதிலாக டேப்பை நாலு சுற்றுச் சுற்றுவது, வெயிலில் பசை உருகி வழுக்கிப் போகும் வரைக்கும்தான். இடைவெளியை அடைக்கச் சிலிக்கான் வைப்பவர்கள், வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். அது செம்பையும் தகட்டையும் அரிக்கும். நியூட்ரல் என்று போட்ட வகையைக் கேட்டு வாங்கலாம்.

எஞ்சின் பக்கம் கேபிளுக்கு நெளிவுக் குழாய் உறை மாட்டி, சைலன்சர் குழாயிலிருந்தும் சுழலும் பெல்ட்டிலிருந்தும் விலக்கி, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கேபிள் டை போட வேண்டும். ஃபயர்வாலுக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழே தொய்ய விட்டு மேலேற்றினால், மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. உள்ளே வந்த பிறகு அது பெடலிலோ ஸ்டியரிங் தண்டிலோ சிக்காதபடி ஓரமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முனைகளில் லக் எனப்படும் உலோக முனைப்பூண் வைத்துச் சரியான கருவியால் அழுத்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அதிர்வில் தளர்ந்து சூடேறும். எல்லாம் முடிந்து, கேபிளுக்கும் பாடிக்கும் தொடர்பு இல்லை என்பதை மல்ட்டிமீட்டரில் பார்த்த பின்னரே, கடைசி வேலையாக ஃபியூஸைச் செருக வேண்டும்.

இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பல சாதனங்களுக்குத் தடித்த கேபிள் ஃபயர்வாலைக் கடக்கவே வேண்டியதில்லை. டேஷ்கேமுக்கு உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே எடுக்கலாம். 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டுக்கு 9 ஆம்பியர் அளவே வேண்டும். ஃபியூஸையும், சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலேயையும் எஞ்சின் அறையிலேயே வைத்துவிட்டால், உள்ளே வருவது மெல்லிய ஸ்விட்ச் வயர் ஒன்று மட்டும். மின்சாரக் கார்களைப் பொறுத்தவரை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி தனியே இருந்தாலும், ஆரஞ்சு உறையிட்ட உயர் அழுத்தக் கேபிள்கள் பல நூறு வோல்ட் சுமப்பவை. அந்தக் கார்களில் வெளிக்கடைக்காரர் டிரில் எடுப்பதையே நான் ஏற்கமாட்டேன்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆவணியில் நல்ல நாள் பார்த்து வண்டி எடுப்பவர், முந்தின மாலையில் ‘காலையில் கோயிலுக்குப் போகணும், இன்றைக்கே செட் போட்டுக் கொடுங்கள்’ என்று நிற்கிறார். விரிப்பை விலக்கி, வழி பார்த்து, குரோமெட் தேடிப் போடும் வேலைக்கு அரை நாள் ஆகும். கூலியோ செட்டின் விலையில் சேர்த்துப் பேசி முடிக்கப்படுகிறது, வேலைக்கென்று தனியே மதிப்பில்லை. ஆகவே என் வேண்டுகோள் வாடிக்கையாளருக்கும் சேர்த்துத்தான். பில்லில் கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர், செம்பா சி.சி.ஏ.வா, பேட்டரி பக்கத்து ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், ஃபயர்வாலை எந்த வழியாகக் கடந்தது என்ற நான்கு விவரங்களை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றாலே வேலை மாறும். கார் ஷோரூம்கள் தங்கள் பெயரில் துணைச் சாதனங்களைப் பொருத்தி விற்கும்போது, இந்த விவரத்தைத் தாங்களாகவே தருவதை வழக்கமாக்கலாம். இன்ஷூரன்ஸில் ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பின்படி, கம்பெனி பொருத்தித் தராத மின் சாதனங்களின் மதிப்பைத் தனியே காட்டிக் கூடுதல் பிரீமியம் கட்ட வழி இருக்கிறது. அப்படிக் காட்டும்போது இந்த பில்லும் உதவும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய காரின் ஃபயர்வால் ஒன்றை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு மாணவரையும் ஒரு முறையாவது குரோமெட் வழியாகக் கேபிள் கடத்தச் செய்வது பெரிய செலவில்லாத காரியம். பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் பரிசீலிக்க வேண்டும்.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. எரிந்த காரைப் பற்றி எழுதும்போது, அதில் வெளியே பொருத்திய சாதனம் ஏதேனும் இருந்ததா என்ற ஒரு கேள்வியைத் தீயணைப்பு வீரரிடமோ உரிமையாளரிடமோ கேட்டு, கிடைத்த பதிலை எழுதினால், வாசிப்பவர் தம் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்ப்பார்.

ஏற்கெனவே செட் போட்டுவிட்டவர்கள் இன்றே பார்க்கக்கூடியது இதுதான். பானெட்டைத் திறந்து, பாசிட்டிவ் முனையில் கம்பெனி வயர்களோடு கூடுதலாகச் சேர்ந்திருக்கும் சிவப்போ நீலமோ ஆன தடித்த கேபிளைக் கண்ணால் பின்தொடருங்கள். ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் தென்பட வேண்டும். ஃபயர்வாலைத் தொடும் இடத்தில் கறுப்பு ரப்பர் தெரிய வேண்டும். கேபிளை மெல்ல ஆட்டினால் தகட்டில் உரசும் உணர்வு கைக்கு வரக் கூடாது. மழைக்குப் பின் முன்பக்கக் கார்ப்பெட் ஈரமாகிறது என்றால் அந்த ஓட்டையையும் சந்தேகிக்கலாம். ஃபியூஸ் இல்லையென்று தெரிந்தால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, பிறகு அந்த ஒரு கேபிளை மட்டும் பாசிட்டிவ்விலிருந்து எடுத்து, நுனியைப் பாடியில் படாதவாறு நன்றாகச் சுற்றிக் கட்டிவிட்டு, முனைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம். வண்டி வழக்கம்போல் ஓடும், ஊஃபர் மட்டும் ஓரிரு நாள் ஒலிக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாகன மின்பணிப் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.